விரலுக்கேற்ற வீக்கம்: சிறிய என்ஜினுக்குச் சிக்கனமாக டர்போ பொருத்தும் முறை

ஓர் இயந்திரத்தின் வலிமை அதன் இரும்பில் மட்டும் அடங்கியிருப்பதன்று. அதனுள்ளே என்ன செல்கிறது என்பதையும் பொறுத்தது. இவ்வுண்மையை மதுரை மாநகர் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே பட்டறிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் அரிதாயிற்று. அப்போது மதுரையிலிருந்து பேருந்துகளை இயக்கிவந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், கரியை எரித்து வாயுவாக்கி, அவ்வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டும் கருவியொன்றைத் தானே வடிவமைத்து ஆக்கியது. பெட்ரோல் இன்றி வண்டிகள் ஓடின. ஆனால் கரிவாயுவில் ஓடும் என்ஜின், பெட்ரோலில் காட்டிய வலிமையில் மூன்றில் ஒரு பங்கையோ, சில வேளை பாதியையோ இழந்துவிடும். என்ஜின் அதுவே, உள்ளே சென்றது மாறியது, வலிமையும் மாறியது.

இதனைத் திருப்பிப் போட்டால் டர்போவின் தத்துவம் கிடைத்துவிடும். அதே என்ஜினுக்குள் மிகுதியான காற்றைச் செலுத்தி, அதற்கேற்ற மிகுதியான எரிபொருளையும் தந்தால் வலிமை பெருகும். இன்று ஆனையூர் போன்ற மதுரைப் புறநகர்களில் பட்டறைத் தொழில் பயிலும் இளைஞர்க்கும், பொறியியல் கற்கும் மாணவர்க்கும் இதில் தீராத ஆவல் இருக்கிறது. பழைய கார் ஒன்றும், பிரித்தெடுத்த டர்போ ஒன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. எனவே, 'இதை அதில் மாட்டினால் போதாதா?' என்னும் வினா எழுவது இயல்பே. போதாது என்பதும், ஏன் போதாது என்பதும், குறைந்த பொருளில் அதனை எவ்வாறு முறையாகச் செய்யலாம் என்பதும் ஈண்டு விளக்கப்பெறுகின்றன.

டர்போ செய்வது யாது?

பெட்ரோல் என்ஜினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவு வாயுவோடு வெளியேறி வீணாகிறது. அவ்வாயு செல்லும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால் அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். இவ்வளவே டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1920-களில் அது கப்பல் என்ஜின்களில் வெற்றி கண்டது. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல், செவ்ரோலே ஆகிய இரு நிறுவனங்கள் டர்போ பொருத்திய கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் 1982-இல் தொடங்கப்பெற்ற டர்போ எனர்ஜி நிறுவனம் இங்கேயே டர்போக்களை ஆக்கி வருகிறது.

இதற்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்று தமிழ்த்துறை மாணவர் கேட்கக்கூடும். 'சுழலி மிகையூட்டி' எனலாம், 'காற்றழுத்தி' எனலாம். பட்டறையில் 'டர்போ' என்றே வழங்குவதால் இக்கட்டுரையும் அச்சொல்லையே மேற்கொள்கிறது. டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை மட்டும் 'மிகையழுத்தம்' என்று குறிப்போம். எரிகலவை தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்னே தானாகப் பற்றிக்கொண்டு 'டக்டக்' என்று ஒலிப்பதைத் 'தட்டல்' என்போம். இவ்விரண்டு சொற்களும் நினைவில் இருந்தால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

இரண்டு சான்றுகள்

மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் என்ஜினை அறியாதார் நம்மிடையே இலர். 1983 முதல் 2014 வரை அந்தக் கார் இந்தியாவில் ஆக்கப்பெற்றது. அதன் மூன்று உருளைகளும் சேர்ந்து நாற்பது குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவாகவே தந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதனினும் சிறிய 543 கன சென்டிமீட்டர் என்ஜினைச் சுசுகி நிறுவனம் ஜப்பானில் 1987-இல் 'ஆல்டோ ஒர்க்ஸ்' என்னும் காரில் டர்போவுடன் பொருத்தியது. அது 64 குதிரைத்திறன் தந்தது. தம்பி அண்ணனை விஞ்சினான். ஆனால் அது டர்போவால் மட்டும் நிகழ்ந்ததன்று. ஓர் உருளைக்கு நான்கு வால்வுகள், மின்னணு முறையில் எரிபொருள் தெளித்தல், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகிய யாவும் உடன் சேர்ந்தன. என்ஜின் முழுமையும் அதற்கென ஆயத்தம் செய்யப்பெற்றிருந்தது.

இரண்டாவது சான்று கார்ப் பந்தய உலகைச் சார்ந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் சாதாரணக் கார்களுக்கென நான்கு உருளை என்ஜின் ஒன்றை உருவாக்கியது. அதன் வார்ப்பிரும்பு உடலையே அடிப்படையாகக் கொண்டு 1.5 லிட்டர் டர்போ என்ஜினைப் பின்னர் ஆக்கினர். அதனைக் கொண்டே நெல்சன் பிக்கே 1983-இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். டர்போ என்ஜினுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவே. உடல் பழைய வடிவினது. ஆனால் பிஸ்டன், கிராங்க் தண்டு, தலைப்பகுதி, தீப்பொறிக் கட்டுப்பாடு யாவும் புதியவை. எரிபொருளும் தட்டலை எதிர்க்கும் தனிக் கலவை.

இவ்விரண்டும் உரைப்பது ஒன்றே. என்ஜின் உடல் பெரும்பாலும் தாங்கும். அதனைச் சூழ்ந்தவை தாங்குமாறு செய்வதே உண்மையான வேலை. டர்போவின் விலை செலவின் தொடக்கமேயன்றி முடிவன்று.

மதுரை வெயிலும் அமுக்கிய காற்றும்

காற்றை அமுக்கினால் அது சூடாகும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். கோடையில் மதுரையில் வெயில் 40 பாகையைத் தொடுவது வழக்கம். அந்தக் காற்றை வெளியழுத்தத்தைப்போல் 1.4 மடங்காக, அதாவது 0.4 பார் மிகையழுத்தத்தோடு, டர்போ அமுக்குவதாகக் கொள்வோம். சிறிய டர்போவின் திறன் நூற்றுக்கு 65 என்று கொண்டால், காற்றின் வெப்பம் ஏறக்குறைய 49 பாகை உயரும். ஆக, 89 பாகைக் காற்று என்ஜினுக்குள் புகும். அழுத்தம் 40 விழுக்காடு ஏறியிருந்தும், சூட்டினால் காற்று விரிந்துவிடுவதால் உள்ளே செல்லும் காற்றின் எடை 21 விழுக்காடே கூடும்.

இடையில் ஓர் இன்டர்கூலர் வைத்து, ஏறிய வெப்பத்தில் நூற்றுக்கு அறுபது பங்கைக் கழித்தால், காற்று 60 பாகைக்கு இறங்கும். அப்போது காற்றின் எடை ஏறத்தாழ 31 விழுக்காடு கூடும். அழுத்தத்தை ஏற்றாமலேயே பத்து விழுக்காடு ஆதாயம்! அதனினும் பெரிய ஆதாயம், தட்டல் குறைவது. ஆகவே குளிர்நாட்டில் விரும்பினால் பொருத்தலாம் என்று கருதப்பெறும் இன்டர்கூலர், நமது சமவெளியில் கட்டாயம் வேண்டுவதாகும். இதனைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பிரித்து விற்கப்பெறும் சிறிய டீசல் கார்களினுடையதே போதும். உள்ளே படிந்த எண்ணெயை முழுதும் கழுவி, காற்றுக் கசிவு இல்லையெனச் சோதித்துப் பொருத்தலே முறை.

முதற்பணி: அளத்தல்

பட்டறைகளில் என்ஜினைப் பிரித்ததும் கண்ணால் பார்த்தே 'நன்றாயிருக்கிறது' என்று தீர்மானிப்பது உண்டு. பட்டறிவு மிக்கவர் கண்ணுக்குப் பெருமதிப்பு உண்டாயினும், டர்போ என்ஜினில் கண் போதாது, அளவுகோல் வேண்டும்.

பிரிக்குமுன் ஒவ்வோர் உருளையின் அமுக்க அழுத்தத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்று ஏனையவற்றைக் காட்டிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருப்பின் அங்கே குறை உண்டு. பிரித்த பின்னர் உருளைத் துளையை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், நெடுக்கும் குறுக்குமாக அளத்தல் வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தாலும், வட்டம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும், போரிங் செய்து, அடுத்த அளவுப் பிஸ்டன் இட்டு, ஹோனிங் செய்வதே வழி. தலைப்பகுதியும் உடலும் சேரும் இரு தளங்களும் வளைந்திருக்கலாகா. மட்டப்பலகையை வைத்து, மெல்லிய தகட்டு அளவி நுழைகிறதா என்று பார்த்தல் வேண்டும். தலைப்பகுதியில் மயிரிழை வெடிப்பு உள்ளதா என்பதையும் சோதித்தல் வேண்டும். கிராங்க் தண்டின் பேரிங் இடைவெளி, தயாரிப்பாளரின் கையேட்டில் கண்ட எல்லைக்குள் இருத்தல் இன்றியமையாதது.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். அளந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் செலவில்லாத மிகச் சிறந்த முதலீடு.

பிஸ்டனும் வளையமும்

பந்தயக் கார்களில் அடித்து உருவாக்கிய பிஸ்டன்களை இடுவர். அவற்றின் விலை மிகுதி. 0.4 பார் அளவோடு நிறுத்திக்கொள்வோர்க்கு, தட்டல் எழாதவரை, நல்ல நிலையிலுள்ள வார்ப்புப் பிஸ்டன் போதுமானது. இங்கே 'தட்டல் எழாதவரை' என்பதே உயிர்நாடி. தொடர்ந்து தட்டிய என்ஜினில் பிஸ்டனின் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய வரம்பு உடையும். பின்னர் மேற்பரப்பும் துளைபடும்.

ஆனால் வளையத்தில் ஒரு மாற்றம் கட்டாயம் வேண்டும். பிஸ்டன் வளையம் சூட்டில் நீளும். அதன் இரு முனைகளுக்கும் இடையே விட்ட இடைவெளி போதாவிடில் முனைகள் ஒன்றையொன்று முட்டும். வளையம் உருளைச் சுவரைக் கீறிப் பிஸ்டனையும் உடைக்கும். சாதாரண என்ஜினுக்குத் துளையின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு இடைவெளி என்பது பொதுவிதி. டர்போவுக்கு அதனை ஐந்து முதல் ஆறு பங்காக உயர்த்துவர். மாருதி 800-இன் 68.5 மில்லிமீட்டர் துளைக்கு இது 0.27 மில்லிமீட்டரிலிருந்து 0.34–0.41 மில்லிமீட்டராகும். ஒரு சிறிய அரமும் அரைமணி நேரமுமே இதற்குச் செலவு. இதைச் செய்யாது விட்டதால் நேரும் செலவோ முழு என்ஜின்!

அமுக்க விகிதம்: ஒரு சிறு கணக்கு

பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள இடத்திற்கும் மேலே வந்தபோது எஞ்சும் இடத்திற்கும் உள்ள விகிதமே அமுக்க விகிதம். டர்போ முன்னரே காற்றை அமுக்கித் தருவதால் இவ்விகிதத்தைச் சற்றுக் குறைத்தல் நலம்.

நமது என்ஜினின் விகிதம் 8.7 என்று கொள்வோம். ஓர் உருளையின் கொள்ளளவு 796-ஐ மூன்றால் வகுக்க 265 கன சென்டிமீட்டர். அதனை 7.7-ஆல் வகுத்தால் மேலே எஞ்சும் இடம் 34.5 கன சென்டிமீட்டர். விகிதம் 8 ஆக வேண்டுமெனில், அவ்விடம் 265-ஐ 7-ஆல் வகுத்த 37.9 ஆக வேண்டும். வேறுபாடு 3.4 கன சென்டிமீட்டர். துளையின் பரப்பு 36.9 சதுர சென்டிமீட்டர். ஆகவே 0.9 மில்லிமீட்டர் தடிப்புக் கூடினால் போதும்.

இதனைக் கண்டதும், 'இரண்டு ஹெட் கேஸ்கெட்டுகளை அடுக்கிவிடலாமே' என்று தோன்றும். அது கூடாத வழி. அடுக்கிய கேஸ்கெட் மிகையழுத்தத்தைத் தாங்காது பிளக்கும். மேலும், பிஸ்டனின் விளிம்பும் தலைப்பகுதியும் நெருங்கிக் கலவையைக் கலக்கும் அந்த நெருக்கம் கெட்டுப்போவதால், விகிதம் குறைந்தும் தட்டல் குறையாமற் போகலாம். பிஸ்டனின் மேற்பரப்பில் போதிய தடிப்பு உண்டெனின், நடுவில் ஆழமற்ற குழிவாகக் கடைந்து அந்த 3.4 கன சென்டிமீட்டரைப் பெறுவதே சரி. தடிப்பு இல்லையெனின் விகிதத்தை அப்படியே விட்டு, மிகையழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. கேஸ்கெட்டாக எஃகுத் தகடுகளால் ஆனதைத் தேர்ந்து, போல்ட்டுகளைப் புதியனவாக இட்டு, கையேடு கூறும் வரிசையிலும் முறுக்கிலும் இறுக்க வேண்டும்.

எண்ணெயும் நீரும்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சுழற்சிகளில் ஓடும். அது இரும்பின்மேல் நிற்பதன்று. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. எண்ணெய் ஒருகணம் தடைப்பட்டாலும், அதில் மணல் துகள் ஒன்று கலந்தாலும் அத்தண்டு அழியும். எனவே எண்ணெய் செல்லும் குழாய் புதியதாயிருத்தல் வேண்டும். பழைய குழாயைக் கழுவி இடுவது வீண் துணிவு. திரும்பி வரும் எண்ணெய் நுரையாக வரும். அது தன் எடையாலேயே இறங்க வேண்டும். ஆகவே அக்குழாய் அகன்றதாய், வளைவின்றி, எண்ணெய்த் தொட்டியின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர்தல் வேண்டும். கீழே சேர்த்தால் எண்ணெய் தேங்கி, டர்போவின் அடைப்புகள் வழியே கசிந்து புகையாகும். பலர் அதனை டர்போ பழுது என்று எண்ணி இன்னொரு டர்போ வாங்குவர். பழுது குழாயில் இருக்கும்.

வெயில் மிகுந்த ஊர் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றியுள்ளது. அது தவறான மருத்துவம். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் உரிய வெப்பநிலையை அடையத் தாமதிக்கும். அதுவரை கலவை செறிவாகவே செல்லும், எண்ணெய் நீர்க்கும், உருளை தேயும். என்ஜின் கொதிக்கிறது எனில், ரேடியேட்டரின் உள்ளே உப்பு படிந்துள்ளதா, விசிறி உரிய நேரத்தில் சுழல்கிறதா, மூடியின் வில் தளர்ந்துள்ளதா என்று நோக்க வேண்டும். கடினமான நிலத்தடி நீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை விடுத்து, வடிநீரும் குளிர்விப்பானும் கலந்து ஊற்றினால் பாதி நோய் தீரும்.

எந்த டர்போ?

நமது 800 என்ஜின் 5,500 சுழற்சியில், 0.4 பார் மிகையழுத்தத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 கிலோ காற்றை உட்கொள்ளும். லாரி டர்போ இதனினும் பல மடங்கு காற்றுக்காக ஆக்கப்பெற்றது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதனை மாட்டினால், என்ஜின் தரும் சிறிதளவு கழிவு வாயுவால் அச்சக்கரம் சுழலவே மாட்டாது. பெருந்தேரை ஒற்றை மாடு இழுத்த கதையாகும்.

1.3 லிட்டர் டீசல் கார்களிலிருந்து வரும் சிறு டர்போ அளவில் பொருந்தும். பழைய உதிரிகளில் எளிதிலும் கிடைக்கும். எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. டீசல் கழிவு வாயுவைவிடப் பெட்ரோல் கழிவு வாயு நூறு பாகைக்கும் மேல் மிகுந்த சூடுடையது. முழு வேகத்தில் 900 பாகையைக் கடக்கும். டீசலுக்கென வார்த்த கூடும் சக்கரமும் அதனை நெடுநேரம் தாங்கா. 2014-இல் டாடா செஸ்ட் வந்தது முதல் இந்தியாவில் சிறிய பெட்ரோல் டர்போ கார்கள் பெருகியுள்ளன. அவற்றிலிருந்து பிரித்த டர்போ, அதிலும் நீரால் குளிரும் நடுக்கூடு உடையது, கிடைக்குமாயின் சற்று விலை கூடினும் அதுவே சிக்கனம். வாங்கும்போது தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் சிறிது அசைதல் இயல்பு. முன்பின் அசைந்தாலோ, இறகு கூட்டைத் தொட்ட கீறல் இருந்தாலோ விட்டுவிடுதல் நன்று.

எரிபொருளும் தீப்பொறியும்

கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டரில் இதனை ஒழுங்குபடுத்துதல் அரிது. எனவே பெட்ரோல் தெளிக்கும் அமைப்புள்ள பிற்கால என்ஜினைத் தேர்தல் நலம். 37 குதிரைத்திறன் 48 ஆகும் என்று எதிர்பார்த்தால், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.27 கிலோ பெட்ரோல் வீதம் மணிக்கு 13 கிலோ தேவை. மூன்று இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்து, அவை நூற்றுக்கு எண்பது பங்கு நேரமே திறந்திருக்க வேண்டும் என்று கொண்டால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 120 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தரவல்லதாயிருத்தல் வேண்டும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்பெறுவதால் அதனை 130-க்கு மேல் என்று வைத்துக்கொள்வது காப்பு. எத்தனால் தட்டலை எதிர்ப்பது டர்போவுக்கு நன்மை. பழைய ரப்பர்க் குழாய்களை அரிப்பது தீமை. எனவே குழாய்களை மாற்றுதல் வேண்டும்.

முழு மிகையழுத்தத்தில் காற்றும் பெட்ரோலும் எடையளவில் 12-க்கு 1 என்னும் செறிவில் இருக்க வேண்டும். மிகையழுத்தம் 0.07 பார் ஏறுந்தோறும் தீப்பொறியை ஏறத்தாழ ஒரு பாகை பின்தள்ளுவது தொடக்க விதி. இவ்விரண்டையும் செவியால் ஒழுங்குபடுத்த இயலாது. கலவையைக் காட்டும் ஆக்சிஜன் அளவியும், மிகையழுத்தம் காட்டும் அளவியும், எண்ணெய் அழுத்த அளவியும் கட்டாயம் வேண்டும். மிகையழுத்தம் எல்லை கடந்தால் கழிவு வாயுவைத் திசைதிருப்பும் வால்வு நன்கு இயங்குகிறதா என்பதை வண்டியில் மாட்டுமுன்னே காற்றுப் பம்பைக் கொண்டு சோதித்தல் வேண்டும்.

நூறு ரூபாய்க் கணக்கு

கையிலுள்ள பொருள் எவ்வளவாயினும் அதனை நூறு ரூபாயாகக் கொண்டு இவ்வாறு பகுக்கலாம். என்ஜினை அளந்து புதுப்பிக்க 35, எரிபொருள், தீப்பொறிக் கட்டுப்பாடு, அளவிகள் ஆகியவற்றுக்கு 25, டர்போவுக்கு 15, எண்ணெய், நீர், இன்டர்கூலர்க் குழாய்களுக்கு 10, பிரேக்குக்கு 5, எதிர்பாராச் செலவுக்கு 10. டர்போவின் பங்கு பதினைந்தே என்பதை மாணவர் உற்று நோக்க வேண்டும். டர்போ வாங்கியபின் கையில் ஏதும் எஞ்சவில்லை எனில், அதனைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் பொருள் சேரும்வரை காத்திருத்தலே சிக்கனம்.

சுருக்கக்கூடிய இடங்களும் உள. கழிவு வாயுக் குழாயைத் தடித்த இரும்புக் குழாயிலிருந்து வெட்டிப் பற்றவைத்துக்கொள்ளலாம். இன்டர்கூலரைப் பழையதாக வாங்கலாம். பிரித்தல், கழுவுதல், கோத்தல் ஆகிய உழைப்பைத் தாமே செய்யலாம். சுருக்கக்கூடாத இடங்கள் நான்கு: பேரிங், கேஸ்கெட், எண்ணெய்க் குழாய், அளவிகள். கண்ணுக்குத் தெரிவனவற்றில் குறைக்கலாம். கண்ணுக்குத் தெரியாதனவற்றில் குறைக்கலாகாது.

கோத்த பின்னர் முதல் ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு மிகையழுத்தமின்றி என்ஜினைப் பழக்க வேண்டும். பின்னர் 0.2 பாரில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி நோக்கிப் படிப்படியே 0.4-க்கு ஏற்ற வேண்டும். கடுமையாக ஓடிய என்ஜினை நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டால் டர்போவில் எண்ணெய் கருகாது.

சாலையா, ஓட்டக்களமா?

இவ்வளவும் கற்றபின் இவ்வண்டியை எங்கே ஓட்டுவது? பொதுச்சாலையில் அன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த தன்மைகளை மாற்றி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தப்பெற்ற சட்டம், இவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும், நாற்பது குதிரைத்திறனுக்கென ஆக்கிய பிரேக்கும் டயரும் கொண்ட வண்டியை, பள்ளிப் பிள்ளைகளும் மாடுகளும் கடக்கும் சாலையில் விரட்டுவது அறமன்று.

இதற்கென இடங்கள் நம் மாநிலத்திலேயே உள. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் ஓட்டக்களங்கள் அமைந்துள்ளன. செட்டிபாளையத்துக் களம் எஸ். கரிவர்தன் பெயர் தாங்கியது. கோவையைச் சேர்ந்த அவர், விலையுயர்ந்த அயல்நாட்டுப் பந்தயக் கார்களுக்கு ஈடாக, மாருதி 800-இன் என்ஜினைக் கொண்டே குறைந்த விலையில் ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1980-களின் இறுதியில் தொடங்கிய அந்த 'ஃபார்முலா மாருதி' பந்தயம் எண்ணற்ற இளைஞர்க்குப் பள்ளியாயிற்று. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அதில் பயின்றவரே. கரிவர்தன் 1995-இல் வான்விபத்தில் மறைந்தார். டர்போ இல்லாமலே, எல்லோர்க்கும் ஒரே எளிய என்ஜினைத் தந்து அவர் திறமையை வளர்த்தார் என்பது எண்ணத்தக்கது.

பொறியியல் மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டியும் அக்களத்தில் நிகழ்ந்துள்ளது. அதில் என்ஜின் 710 கன சென்டிமீட்டரைக் கடக்கலாகாது. காற்று 20 மில்லிமீட்டர் துளை வழியே மட்டும் செல்ல வேண்டும். டர்போ வைப்பினும் அத்துளைக்குப் பின்னரே வைக்க வேண்டும். நமது 796 என்ஜின் அங்கே செல்லாதெனினும், மேலே கண்ட கணக்குகள் அனைத்தும் அங்கும் செல்லும்.

நிறைவுரை

மதுரையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை. கோ. புதூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. போரிங், கடைசல், பற்றவைப்பு ஆகியன அறிந்தோர் அண்மையிலேயே உளர். குறைவாயிருப்பது அளந்து எழுதும் பழக்கமும், காத்திருக்கும் பொறுமையுமே. விரலுக்கேற்ற வீக்கம் என்பார் நம் முன்னோர். என்ஜின் எவ்வளவு தாங்கும் என்று அளந்தறிந்து, அவ்வளவே மிகையழுத்தம் தருபவன் சிறிய செலவில் நெடுநாள் ஓடும் என்ஜினைப் பெறுவான். அளக்காமல் ஏற்றியவன் ஒருநாள் வேகத்தையும், மறுநாள் உடைந்த பிஸ்டனையும் பெறுவான். போர்க்காலத்தில் கரிவாயுவால் பேருந்தை ஓட்டிய இந்நகரம், இல்லாமையை அறிவால் ஈடுசெய்தது. அந்த வழியே இன்றைய இளைஞர்க்கும் உரிய வழி.